உஷார்! கம்பி அடைத்தால் நட்டம் யார் தலையில்?

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெரம், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங், பத்தாங் காலி எனத் தோட்ட மண்ணை நம்பி வாழும் நம்மவர்கள் அத்தனை பேருக்கும் இது அவசரச் செய்தி. சூரியசக்தி, பசுமை மின்சாரம், நீண்டகால விலை உத்தரவாதம் என்று பெயர் போட்ட ஒப்பந்தம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அதில் எழுதியிருக்கும் விலையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். மின்சாரத்தின் விலை எந்த இடத்தில் வைத்துக் கணக்கிடப்படுகிறது? அதைச் சுமந்து செல்லும் கம்பியில் இடம் இல்லாமல் போனால் நட்டம் யார் தலையில் விழும்? இந்த இரண்டுக்கும் தாளில் தெளிவான பதில் இல்லையென்றால், எவ்வளவு நெருங்கிய உறவுக்காரர் கொண்டுவந்தாலும் பேனாவை எடுக்காதீர்கள்.

நிலம் வைத்திருப்பவர், கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வைத்திருப்பவர், பட்டறை நடத்துபவர், கூரையில் சோலார் தகடு போட நினைப்பவர், மாதா மாதம் கரண்டு பில் கட்டும் குடும்பத் தலைவி என எல்லோரையும் இது தொடும். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் இப்போது இந்த அவசரம்?

மலேசியத் தீபகற்பத்தில் பல காலமாக மின்சாரத்துக்கு ஒரே பாதைதான். மின்நிலையங்கள் விற்கும், சிங்கிள் பையர் என்ற ஒற்றைக் கொள்முதல் பிரிவு வாங்கும், டி.என்.பி. வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும். வாங்குபவரும் விற்பவரும் நேரடியாகப் பேரம் பேச வழியில்லை. அந்த நிலை வேகமாக மாறிவருகிறது.

2022 நவம்பரில் கார்ப்பரேட் கிரீன் பவர் திட்டத்தை எரிசக்தி ஆணையம் தொடங்கியது. முதலில் 600 மெகாவாட், பிறகு 800 மெகாவாட் ஒதுக்கினார்கள். சூரியசக்தி நிலையமும் ஒரு பெரிய நிறுவனமும் தங்களுக்குள் விலை பேசி ஒப்பந்தம் செய்துகொள்ள அது வழிவிட்டது. 2024 செப்டம்பரில் கிரெஸ் திட்டம் வந்தது. தனியார் மின்நிலையம் டி.என்.பி.யின் கம்பியைக் கட்டணம் கொடுத்துப் பயன்படுத்தித் தன் வாடிக்கையாளருக்கே மின்சாரம் விற்கலாம் என்றது அது. அதே 2024-இல் எனெஜெம் என்ற மின்சாரச் சந்தையின் வழியாகச் சிங்கப்பூருக்குப் பசுமை மின்சாரம் ஏலத்தில் விற்கும் முயற்சியும் ஆரம்பமானது.

இதற்கெல்லாம் நம் வட்டாரத்தோடு என்ன தொடர்பு? பக்கத்திலிருக்கும் எல்மினாவைப் பாருங்கள். அங்கே கூகிள் நிறுவனத்தின் தரவு மையம் வருகிறது; 2024 மே மாதம் அந்நிறுவனம் மலேசியாவுக்கு அறிவித்த முதலீடு 200 கோடி அமெரிக்க டாலர். தரவு மையங்கள் இராப்பகலாக மின்சாரம் குடிப்பவை. அவற்றை நடத்தும் நிறுவனங்கள் பசுமை மின்சாரம் வேண்டும் என்கின்றன. பசுமை மின்சாரத்துக்குச் சூரியத் தகடு வேண்டும். தகடு பரப்ப வெயில் படும் சமநிலம் ஏக்கர் கணக்கில் வேண்டும். அப்படிப்பட்ட நிலம் எங்கே இருக்கிறது? வயதான செம்பனை நிற்கும் தோட்டங்களிலும் சிறு தோட்டக்காரர்களின் கையிலும் இருக்கிறது. ஆகவே தரகர்கள் கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் பக்கம் வண்டியைத் திருப்புவது இயல்பு.

இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இதே வட்டாரத்தில், தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. ரப்பர் வந்தபோதும் செம்பனை வந்தபோதும் ஒப்பந்தத்தை எழுதியவர்கள் வேறு யாரோ. அதன் கீழ் உழைத்தவர்கள் நாம். இந்த முறையாவது தாளைப் படித்துவிட்டு நிற்போம்.

விலை நிலையானது, கணக்கு நிலையானதல்ல

இருதரப்பு ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் விலைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

ஒரு சூரியசக்தி நிலையமும் ஒரு தொழிற்சாலையும் யூனிட்டுக்கு 25 காசு என்று ஒப்பந்தம் செய்கின்றன. நிலையம் உற்பத்தி செய்யும் மின்சாரம் தனிக் குழாயில் அந்தத் தொழிற்சாலைக்குப் போவதில்லை. அது பொது மின்கட்டமைப்பில் கலந்துவிடுகிறது. கார்ப்பரேட் கிரீன் பவர் திட்டத்தின்படி அதற்குச் சந்தை விலை கிடைக்கும். அந்த விலைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். ஒவ்வோர் அரை மணி நேரத்துக்கும் அது மாறும். அந்த நேரத்துத் தேவையை நிறைவு செய்யக் கடைசியாக ஓட்டவேண்டிய நிலையத்தின் செலவுதான் அந்த விலை ஆகிறது. தொழிற்சாலை எப்போதும் போல் டி.என்.பி.க்குத் தன் பில்லைக் கட்டிக்கொண்டிருக்கும். ஒப்பந்தம் தீர்ப்பது வித்தியாசத்தை மட்டுமே.

சந்தை விலை 18 காசு என்றால், தொழிற்சாலை 7 காசு சேர்த்துக் கொடுக்கும். சந்தை விலை 31 காசு என்றால், நிலையம் 6 காசைத் திருப்பிக் கொடுக்கும். இரண்டு நிலையிலும் நிலையத்துக்கு 25 காசு. கேட்க அழகாக இருக்கிறது. தரகர் உங்களுக்குச் சொல்வதும் இந்தப் பாதியைத்தான்.

மறுபாதி கம்பியில் இருக்கிறது. தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல் வயல்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. பெர்ணம் ஆற்றில் எவ்வளவு வெள்ளம் ஓடினாலும், வாய்க்கால் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் வயலுக்கு வரும். மின்கம்பியும் அப்படியே. அளவுக்கு மேல் மின்சாரம் ஏற்றினால் கம்பி சூடாகித் தொய்ந்துவிடும்; பாதுகாப்புக் கருவி அதைத் துண்டித்துவிடும்; துண்டான கம்பியின் சுமை பக்கத்துக் கம்பியில் ஏறி அதையும் சாய்க்கும். 1996 ஆகஸ்ட் 3-ஆம் தேதி திரெங்கானுவின் பாக்கா அருகே தொடங்கிய ஒரு கோளாறு தீபகற்பம் முழுவதையும் இருட்டாக்கியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அப்படி நடக்காமல் இருக்க, கம்பி நிறைந்ததும் கட்டமைப்பை இயக்குபவர்கள் ஒரு பக்கம் உற்பத்தியைக் குறைக்கச் சொல்வார்கள். மறுபக்கம் விலை அதிகமான நிலையத்தை ஓட்டச் சொல்வார்கள். இதற்குத்தான் நெரிசல் என்று பெயர்.

பல நாடுகளில் நெரிசல் வந்தவுடன் சந்தை விலை இரண்டாகப் பிளந்துவிடும். மின்சாரம் குவிந்து கிடக்கும் பக்கம் விலை சரியும். பற்றாக்குறைப் பக்கம் விலை ஏறும். மேலே சொன்ன 25 காசு ஒப்பந்தத்துக்கு அப்போது என்ன ஆகும்? நிலையம் இருக்கும் பக்கம் விலை 10 காசு. தொழிற்சாலை இருக்கும் பக்கம் 40 காசு. ஒப்பந்தம் தொழிற்சாலைப் பக்கத்து விலையை அடிப்படையாக எழுதியிருந்தால், நிலையம் தன் மின்சாரத்தை 10 காசுக்கு விற்றுவிட்டு, 40-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசமான 15 காசைத் தொழிற்சாலைக்குக் கட்டவேண்டும். கையில் மிஞ்சுவது கழித்தல் 5 காசு. வெயில் அடித்தது, தகடு ஓடியது, மின்சாரம் விற்றது. ஆனாலும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நட்டம்.

இதைவிட மோசமான நிலையும் உண்டு. ஒப்பந்தம் 'இவ்வளவு யூனிட் தருவேன்' என்று அளவை நிர்ணயித்திருக்கிறது; கம்பி நிறைந்ததால் உற்பத்தியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்று வையுங்கள். விற்க ஒன்றுமில்லை. ஆனால் வித்தியாசத் தொகையைக் கட்டியாக வேண்டும். 20 மெகாவாட் நிலையம் முழுவேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் 10,000 யூனிட். யூனிட்டுக்கு 15 காசு என்றால் அந்த ஓர் அரை மணி நேரத்துக்கு 1,500 வெள்ளி கையிலிருந்து போகும். ஒரு நாளில் இப்படிப் பல அரை மணி நேரங்கள் வரலாம்.

"நம் தீபகற்பம் முழுவதற்கும் எஸ்.எம்.பி. ஒன்றுதானே, விலை பிளக்காதே" என்று உங்களுக்கு ஆறுதல் சொல்வார்கள். அதை நம்பி அமர்ந்துவிடாதீர்கள். விலை ஒன்றாக இருக்கும் இடத்தில் நெரிசல் வேறு உருவத்தில் வருகிறது. 'உற்பத்தியைக் குறை' என்ற உத்தரவாக வரும். பக்கத்துத் துணைமின்நிலையத்தில் இடமில்லை, தூரத்திலிருந்து கம்பி இழுக்கவேண்டும் என்ற கூடுதல் செலவாக வரும். கிரெஸ் திட்டத்தில் கம்பியைப் பயன்படுத்தும் கட்டணமாகவும் வருகிறது. அத்திட்டம் தொடங்கியபோது, பேட்டரிச் சேமிப்பு போன்ற ஏற்பாட்டோடு உறுதியாக மின்சாரம் தருபவர்களுக்கு யூனிட்டுக்கு 25 காசு, வெயிலை மட்டும் நம்பி ஏற்ற இறக்கத்தோடு தருபவர்களுக்கு 45 காசு என்று அறிவிக்கப்பட்டது. மின்சாரத்தின் விலையையே விழுங்கிவிடக்கூடிய தொகை அது. 'கம்பிக்குப் போகும் காசு பெரிதில்லை' என்று சொல்பவர் கணக்குத் தெரியாதவர். இல்லையென்றால் தெரிந்தே மறைப்பவர்.

தமிழ்நாடு பட்ட பாடு

இது எங்கோ நடக்கும் கதை அல்ல. நம் உறவுகள் இருக்கும் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது.

2012, 2013 ஆண்டுகளில் தமிழ்நாட்டு ஊர்களில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. வட இந்தியாவிலும் மேற்கிலும் விற்கத் தயாராக மின்சாரம் இருந்தது. தமிழ்நாடும் பணம் கொடுத்து வாங்கத் தயார். கொண்டுவரக் கம்பிதான் போதவில்லை. அப்போது தென்னிந்திய மின்கட்டமைப்பு மற்ற இந்தியாவோடு ஒத்திசைந்து இணைக்கப்படவில்லை. தால்ச்சர்-கோலார் போன்ற சில நேர்மின் இணைப்புகளின் வழியாக மட்டுமே மின்சாரம் வர முடிந்தது. டில்லி வேண்டாம் என்று ஒப்படைத்த மின்சாரத்தைத் தங்களுக்குத் தரும்படி தமிழ்நாடு 2012-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. வழித்தடத்தில் இடமில்லை என்பதே மத்திய அரசுத் தரப்பின் பதில்.

அந்த ஒடுங்கிய வழித்தடத்தில் யாருக்கு முதலிடம்? இங்கேதான் இருதரப்பு ஒப்பந்தம் நுழைகிறது. நீண்டகால ஒப்பந்தக்காரர்கள் வழித்தடத்தை முன்பே பிடித்துவைத்திருப்பார்கள். அடுத்து நடுத்தரக் கால ஒப்பந்தங்கள். அதன் பிறகு குறுகியகால இருதரப்பு ஒப்பந்தங்கள். எல்லாரும் எடுத்ததுபோக மிஞ்சிய இடம்தான், 2008-இல் தொடங்கிய இந்திய மின்சாரச் சந்தையான ஐ.இ.எக்ஸ். போன்றவற்றின் அன்றாட வியாபாரத்துக்கு. மிஞ்சியது கொஞ்சமாக இருந்ததால் சந்தை அடிக்கடி பிளந்தது. தமிழ்நாடு அடங்கிய தென்பகுதியில் ஒரு விலை, வடக்கில் அதைவிடக் குறைந்த விலை. அதே மணி நேரம், அதே சந்தை, அதே மின்சாரம். தெற்கே இருப்பவன் கூடுதலாகக் கட்டினான்.

அந்த விலை வித்தியாசப் பணம் விற்றவனுக்கும் போகவில்லை, வாங்கியவனுக்கும் திரும்பவில்லை. மின்கட்டமைப்பு வளர்ச்சிக்கான ஒரு பொது நிதியில் சேர்ந்தது. கம்பி போட அந்தப் பணம் உதவும் என்பது உண்மை. ஆனாலும் அன்றைக்கு அதிக விலை கொடுத்தவன் பையிலிருந்து போனது போனதுதான். ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பித்தடம் 2013 டிசம்பர் 31-ஆம் தேதி இயங்கத் தொடங்கி, தென்னகம் இந்தியக் கட்டமைப்போடு ஒன்றான பிறகும், போதுமான தடங்கள் வரும்வரை நெரிசல் உடனே தீர்ந்துவிடவில்லை.

காற்றாலை வைத்தவர்கள் பட்ட துன்பம் இன்னொரு பக்கம். காற்று வீசும் பருவத்தில் கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கம் ஆலைகள் சுழல்கின்றன. உற்பத்தியாகும் மின்சாரத்தை எடுத்துச் செல்லக் கம்பியில் இடமில்லை என்று ஆலையை நிறுத்தச் சொன்னார்கள். கடன் வாங்கி ஆலை நட்டவர்களின் வங்கித் தவணை மட்டும் நிற்கவில்லை. நிலத்தைச் சூரியசக்திக்குக் கொடுக்கும் ஒவ்வொருவரும், அதில் பணம் போடும் ஒவ்வொருவரும் இந்தப் பாடத்தை மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பெரியவர்களும் விழுந்திருக்கிறார்கள்

'பெரிய நிறுவனம், பழைய சங்கம், அரசு அனுமதி பெற்றது' என்ற நம்பிக்கை போதாது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிராசோஸ் என்ற மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் 1941 முதல் இயங்கிவந்தது. 2021 பிப்ரவரியில் கடும் பனிப்புயல். மின்நிலையங்கள் உறைந்து நின்றன. மொத்தச் சந்தை விலை ஒரு மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சவரம்பில் நாள்கணக்கில் நின்றது. சாதாரண நாளில் அது சில பத்து டாலர்தான். அந்த ஒரு வாரத்துக்கு வந்த சுமார் 200 கோடி டாலர் கணக்கைக் கட்ட முடியாமல், மார்ச் 1-ஆம் தேதி அந்தச் சங்கம் திவால் மனு கொடுத்தது. 80 ஆண்டுச் சேமிப்பும் நற்பெயரும் ஒரு வாரக் கணக்குத் தீர்வில் கரைந்தன. அதே வாரம், நிர்ணயித்த அளவு மின்சாரம் தருவதாக ஒப்பந்தம் செய்திருந்த சில காற்றாலைகள், இறக்கைகள் உறைந்து உற்பத்தி நின்றபோதும் உச்ச விலையில் வித்தியாசத்தைக் கட்டவேண்டியதாயிற்று.

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்கள். சிங்கப்பூரில் 2003 முதல் மொத்த மின்சாரச் சந்தை இருக்கிறது. வீடுகளுக்கு நிலையான விலை என்று வாக்குக் கொடுத்து விற்ற நிறுவனங்கள் பல. 2021-இல் எரிவாயு விலை ஏறி, அரை மணி நேரச் சந்தை விலை துள்ளியபோது, போதிய முன்னேற்பாடு இல்லாத நிறுவனங்கள் தாங்கவில்லை. ஐ-சுவிட்ச் அக்டோபரில் கடையை மூடுவதாக அறிவித்தது. இன்னும் சிலவும் வெளியேறின. ஒப்பந்தத் தாளில் இருந்த குறைந்த விலை, எழுதிக்கொடுத்தவர் நிற்கும் வரைக்கும்தான் செல்லும் என்பதை வாடிக்கையாளர்கள் அன்று தெரிந்துகொண்டார்கள்.

நெரிசலையே காசாக்கியவர்களும் உண்டு. 2000, 2001 ஆண்டுகளில் கலிபோர்னியாவில் என்ரான் நிறுவனம், கம்பியில் நெரிசல் இருப்பதுபோல் தாளில் அட்டவணை கொடுத்து, பிறகு அதைத் தீர்த்துவைத்ததாகப் பணம் வாங்கியது. மின்சாரம் ஓர் அடிகூட நகரவில்லை. கணக்கு மட்டும் நகர்ந்தது. விலை உச்சத்துக்குப் போய், அம்மாநிலத்தின் பெரிய விநியோக நிறுவனமான பி.ஜி. அண்ட் இ. 2001 ஏப்ரலில் திவாலானது. என்ரானும் அதே ஆண்டு டிசம்பரில் சரிந்தது. சந்தை விதிகளில் ஓட்டை இருந்தால், கெட்டிக்காரர்கள் முதலில் கண்டுபிடிப்பது அந்த ஓட்டையைத்தான். அந்தச் செலவைக் கடைசியில் சுமப்பது பில் கட்டும் மக்கள்.

நம் பில்லிலேயே இருக்கிறது

மலேசியாவும் இந்தப் பாடத்துக்கு ஏற்கெனவே விலை கொடுத்த நாடு. 1990-களின் தொடக்கத்தில் தனியார் மின்நிலையங்களோடு நீண்டகால ஒப்பந்தங்கள் போடப்பட்டன. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், நிலையம் தயாராக நிற்பதற்கே பணம் கட்டவேண்டும் என்பது அவற்றின் முக்கிய விதி. அன்று டி.என்.பி.யின் தலைவராக இருந்த டான்ஸ்ரீ அனி அரோப் அந்த நிபந்தனைகளை எதிர்த்தவர். 1996-இல் பதவியை விட்டு விலகினார். 1993-இல் வொய்.டி.எல். நிறுவனத்துக்குக் கிடைத்த முதல் ஒப்பந்தம் 2015 செப்டம்பர் வரை நீடித்தது. ஒரு கையெழுத்தின் ஆயுள் ஒரு தலைமுறை!

2025 ஜூலை 1-ஆம் தேதிமுதல் வரும் புதிய பில்லை எடுத்துப் பாருங்கள். முன்பு ஒரே தொகையாக இருந்தது இப்போது பிரித்துக் காட்டப்படுகிறது. மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு, எரிசக்திக் கட்டணம் யூனிட்டுக்கு 27.03 காசு, திறன் கட்டணம் 4.55 காசு, கட்டமைப்புக் கட்டணம் 12.85 காசு. திறன் கட்டணம் என்பது மின்நிலையங்கள் தயாராக நிற்பதற்காக நாம் கொடுப்பது, அதாவது நீண்டகால ஒப்பந்தங்களின் சுமை. கட்டமைப்புக் கட்டணம் கம்பிக்கும் கோபுரத்துக்கும் துணைமின்நிலையத்துக்கும் கொடுப்பது. மாதம் 500 யூனிட் பயன்படுத்தும் ஜெரம் குடும்பம் ஒன்றுக்கு, சிக்கனச் சலுகையைக் கழிப்பதற்கு முன், இந்த இரண்டுக்கு மட்டும் 87 வெள்ளி. ஒப்பந்தமும் கம்பியும் யாரோ பெரிய மனிதர்களின் விவகாரம் என்று நினைத்தால், அந்த 87 வெள்ளியை ஒருமுறை பாருங்கள்.

எரிபொருள் விலைக்கேற்ப மாதா மாதம் மாறும் ஏ.எஃப்.ஏ. என்ற சரிக்கட்டும் தொகையும் இருக்கிறது. 600 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. கடை, பட்டறை, ஆலை நடத்துபவர்களுக்கு விலக்கு இல்லை. அவர்கள் ஒவ்வொரு மாதமும் அந்த வரியைப் படித்தே ஆகவேண்டும்.

யார் யார் எங்கே கவனிக்க வேண்டும்?

நிலம் வைத்திருப்பவர்களே! "அண்ணே, நிலத்தைச் சும்மா போட்டு வச்சிருக்கீங்களே, 25 வருஷத்துக்குக் கொடுங்க, உட்கார்ந்த இடத்தில காசு வரும்" என்பார்கள். வாடகை நிலையான தொகையா, வருமானத்தில் பங்கா என்று கேளுங்கள். பங்கு என்றால் நெரிசலின் நட்டத்திலும் உங்களுக்குப் பங்கு உண்டு. மின்கட்டமைப்பில் இணைக்க இடமிருக்கிறதா என்று ஆராயும் மின்முறை ஆய்வு முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். அது முடியாத நிலையில் 'உங்கள் நிலம் கட்டாயம் எடுபடும்' என்பது வெறும் பேச்சு. 3 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை நில அலுவலகத்தில் பதிவாக வேண்டும். விவசாய நிலத்தின் பயன்பாட்டை மாற்ற மாநில அனுமதி வேண்டும். அதற்கான கட்டணத்தை யார் கட்டுவது என்று எழுதி வாங்குங்கள். நிறுவனம் நடுவில் மூழ்கினால் தகடுகளை யார் அகற்றுவது என்பதும் தாளில் இருக்கவேண்டும். செம்பனையை வெட்டிவிட்டால் அடுத்த கன்று காய்க்கும் வரை வருமானம் இல்லை என்பதை மறக்காதீர்கள்.

கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களே, சேமிப்பைப் போட நினைப்பவர்களே! நம் சமூகத்தின் காயம் இன்னும் ஆறவில்லை. 1984-இல் ஏறத்தாழ 66,000 பேரிடம் 106 மில்லியன் வெள்ளி திரட்டிய மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தில், தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் போட்ட தோட்டத் தாய்மார்கள் இருந்தார்கள். கால் நூற்றாண்டு காத்திருந்தவர்களுக்கு 2010-இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு தருவதாகச் சொன்னார்கள். இன்று 'சோலார் பண்ணையில் பங்கு, மாதம் இவ்வளவு உறுதி' என்று யாராவது வாட்சப்பில் அனுப்பினால், முதலில் பங்குகள் ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலையும் பேங்க் நெகாராவின் பட்டியலையும் பாருங்கள். பொதுமக்களிடம் பணம் திரட்டும் திட்டம் நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு இருந்தாலும் அதோடு நிற்காதீர்கள். மின்சாரம் யாருக்கு, எந்த விலையில், எந்த இடத்தில் விற்கப்படுகிறது என்ற ஒப்பந்தச் சுருக்கத்தைக் கேளுங்கள். சந்தை விலை அரை மணிக்கு ஒருமுறை மாறும்போது, எந்த யோக்கியனாலும் மாத வருமானத்தை உறுதி சொல்ல முடியாது.

பட்டறை, கடை, சிறு ஆலை நடத்துபவர்களே! கூரைச் சோலார் விற்பவர் 'எடுத்த யூனிட்டுக்குக் கொடுத்த யூனிட், சரிக்குச் சரி' என்பார். அந்தச் சலுகை பழைய நெம் திட்டத்தில் வீடுகளுக்கு இருந்தது. அதில் புதிதாகச் சேர்வது 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. வணிகக் கூரைகளுக்கான நோவா பிரிவில் மிஞ்சும் மின்சாரத்துக்கு அப்போதே சராசரி எஸ்.எம்.பி. விலைதான். நீங்கள் டி.என்.பி.க்குக் கட்டும் விலையைவிட அது வெகுவாகக் குறைவு. உங்கள் பகல் நேரப் பயன்பாட்டுக்கு மேல் தகடு போட்டால், மிஞ்சுவதை மலிவு விலைக்குத்தான் தள்ளிவிடவேண்டி வரும்.

ஆலைக்கழிவு வாயுவிலிருந்து மின்சாரம் எடுப்பவர்களும் கவனியுங்கள். 2011 டிசம்பரில் தொடங்கிய ஃபிட் திட்டத்தில் 16 ஆண்டு, 21 ஆண்டு என்று நிலையான விலை கிடைத்தது. அந்தப் பழைய உத்தரவாதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு புதிய தாளில் கையெழுத்துப் போடுவதுதான் பெரிய ஆபத்து. இரண்டும் வேறு வேறு.

கையெழுத்துக்கு முன் கேட்கவேண்டிய ஏழு கேள்விகள்

1. இந்த ஒப்பந்தம் உண்மையான மின்சாரத்துக்கா, விலை வித்தியாசத்துக்கு மட்டுமா?
2. எந்த இடத்து விலையை, எந்த நேரத்து விலையை அடிப்படையாக எடுக்கிறீர்கள்?
3. அளவு நிர்ணயிக்கப்பட்டதா, உற்பத்தியாகும் அளவுக்கு மட்டுமா?
4. கம்பி நெரிசலால் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னால் அந்த இழப்பு யாருடையது?
5. கம்பிக் கட்டணம், இணைப்புச் செலவு, சட்ட மாற்றத்தால் வரும் புதிய கட்டணம் ஆகியவற்றை யார் சுமப்பது?
6. எதிர்த்தரப்பு பணம் கட்டத் தவறினால் வங்கி உத்தரவாதம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு?
7. நடுவில் விலக வழி உண்டா, அபராதம் எவ்வளவு?

ஏழுக்கும் வாய்மொழிப் பதில் வேண்டாம். எழுத்தில் வாங்குங்கள். தாள் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருந்தால், உங்களுக்குப் புரியும் மொழியில் ஒவ்வொரு விதியையும் விளக்கச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பின் வழக்கறிஞரே உங்களுக்கும் வழக்கறிஞராக இருக்க விடாதீர்கள். தனியாக ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். 'நாளைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வாய்ப்பு போய்விடும்' என்பவரிடம், போகட்டும் என்று சொல்லுங்கள். 25 ஆண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு வாரம் படிக்கக் கொடுக்க மறுப்பவர், 25 ஆண்டும் உங்களை எப்படி நடத்துவார்?

கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இந்த ஏழு கேள்விகளையும் எழுந்து நின்று கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். மழுப்பினால் கூட்டுறவு ஆணையத்துக்கு எழுதுங்கள். மின்சாரக் கட்டணம், இணைப்பு பற்றிய புகார் என்றால் எரிசக்தி ஆணையத்துக்குப் போங்கள். கோயில் நிர்வாகம், பள்ளிப் பெற்றோர் சங்கம், இளைஞர் மன்றம் என்று ஆள் கூடும் இடத்தில் இந்தக் கேள்விகளைத் தமிழில் அச்சடித்து ஒட்டுங்கள்.

சூரியசக்தி கெட்டதல்ல. நம் மண்ணில் அது வரட்டும், நம் பிள்ளைகளுக்கு வேலை தரட்டும். ஆனால் லாபம் அவர்களுக்கு, கம்பி நெரிசலின் நட்டம் நமக்கு என்று பிரித்து எழுதிய தாளுக்கு நம் கையெழுத்து கிடைக்கக்கூடாது. இன்று இரவே, வீட்டில் ஏற்கெனவே கையெழுத்தான தாள் ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள். ஏழு கேள்விகளில் எதற்குப் பதில் இல்லை என்று கோடிடுங்கள். அந்தக் கோட்டோடு நாளைக் காலையே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.